ஆபீஸ் நேரத்துக்கு வெளியே எழுதிய ஆப் யாருக்குச் சொந்தம்?

பகலில் நிறுவன வேலை, இரவில் சொந்தமாக ஒரு ஆப். அதற்கு நாலு பேர் காசு கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் பலர் தங்கள் நியமன ஒப்பந்தத்தைத் திறந்து பார்க்கிறார்கள். சட்டம் தானாக முதலாளிக்குக் கொடுப்பது கொஞ்சம்தான். மீதியைக் கொடுப்பது நாம் போட்ட கையெழுத்து.

முதலில் சட்டம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கணக்கில் எடுக்கிறது. எழுதியவரே முதல் உரிமையாளர் என்கிறது 17-வது பிரிவு. அதற்கான விலக்குகளில் ஒன்று 17(சி): சம்பள வேலையில் இருப்பவர் அந்த வேலையின் பகுதியாக உருவாக்கியது, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். ‘வேலையில் இருந்த காலத்தில் செய்தது’ என்று சட்டம் சொல்லவில்லை, ‘வேலையின் பகுதியாகச் செய்தது’ என்கிறது. வங்கி மென்பொருள் எழுதுபவர் விடுமுறை நாளில் பயிர் விலை ஆப் செய்தால் அது அவருடையது. மேலாளர் கேட்டதற்காக ஞாயிறு இரவு வீட்டில், சொந்த லேப்டாப்பில் எழுதிய நிரல் நிறுவனத்துடையது. மணியும் இடமும் சாட்சியங்களே தவிர, தீர்ப்பு அவற்றில் இல்லை.

கேரள உயர் நீதிமன்றம் 1988-ல் தீர்த்த வி.டி. தாமஸ் வழக்கு இதற்கு நல்ல பாடம். ‘டோம்ஸ்’ என்ற பெயரில் கார்ட்டூன் வரைந்த அவர், போபன், மோளி என்ற கார்ட்டூன் பாத்திரங்களை மலையாள மனோரமாவில் சேரும் முன்பே உருவாக்கியிருந்தார். விலகிய பின் அவர் அவற்றை வரையக் கூடாது என்று பத்திரிகை வழக்குத் தொடுத்தது. சேரும் முன்பே பிறந்த பாத்திரங்கள் அவருடையவை, தொடர்ந்து வரையலாம் என்றது நீதிமன்றம். எது எப்போது பிறந்தது என்பதைக் காட்ட முடிந்தவருக்கே பலம்.

இனி ஒப்பந்தம். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். ‘பணிக்காலத்தில், வேலை நேரத்திலோ அதற்கு வெளியிலோ, ஊழியர் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கு மாற்றித் தரப்படுகிறது’ என்ற வகை வரி இருக்கிறதா பாருங்கள். ‘நிறுவனத்தின் தொழிலோடு தொடர்புடையவை’ என்று மட்டும் இருந்தால் பரவாயில்லை. ஆனால் பல துறைகளில் கால் வைத்திருக்கும் பெரிய நிறுவனத்தில் அந்தத் ‘தொழில்’ எதுவரை நீளும் என்று கேட்டு எழுதி வாங்குவது அவசியம். ‘நிறுவனச் சாதனத்தைப் பயன்படுத்திச் செய்தவை’ என்ற வரி இருந்தால், ஆபீஸ் லேப்டாப்பில் ஒரே ஒரு முறை திறந்து திருத்தியதும் வம்பாகும். ஆபீஸ் மின்னஞ்சலில் தொடங்கிய கிளவுட் கணக்கு, நிறுவனம் பணம் கட்டிய மென்பொருள் உரிமம் இரண்டும் அப்படித்தான். சக ஊழியர் உதவினால் அவருடைய ஒப்பந்தமும் உங்கள் ஆப்பைத் தொடும்.

இப்படி மாற்றித் தரும் உரிமைக்கும் 19-வது பிரிவில் வரம்பு உண்டு. அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை என்று சொல்ல வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். பெற்றவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் காலாவதியாகும், ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாதவரை. ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று வக்கீல்கள் எழுதுவது இதனால்தான். 17(சி)-யின்படி நேரடியாக நிறுவனத்துக்குப் போனவற்றுக்கு இந்த வரம்புகள் பொருந்தாது.

கண்டுபிடிப்புக்கான காப்புரிமை வேறு கதை. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 17(சி) போன்ற விதி இல்லை. கண்டுபிடித்தவர் எழுதிக் கொடுத்தால்தான் நிறுவனம் விண்ணப்பிக்க முடியும். வெறும் கணினி நிரலுக்கு 3(கே) பிரிவின்படி காப்புரிமை கிடையாது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். ‘மூன்லைட்டிங்’, அதாவது வேலையில் இருந்துகொண்டே வெளியில் வேறு வேலை பார்ப்பது, கூடாது என்ற விதியை மீறினால் வேலை போகலாம். வேலையில் இருக்கும்வரை அப்படித் தடுக்கும் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே, கோலிகாரி வழக்கில், சொல்லிவிட்டது. ஆனால் விதியை மீறியதாலேயே ஆப் நிறுவனத்துக்குச் சொந்தமாகிவிடாது. அனுமதி வேறு, உடைமை வேறு.

செய்ய வேண்டியது இது. சேரும்போது ‘முந்தைய படைப்புகள்’ என்ற இணைப்புத் தாள் இருந்தால் ‘ஏதுமில்லை’ என்று எழுதிவிடாதீர்கள். பெயர், ஒரு வரி விளக்கம், தொடங்கிய தேதி போட்டு நகல் வாங்குங்கள். தாள் இல்லையென்றால் கேளுங்கள். சேர்ந்த பிறகு தொடங்குவதாக இருந்தால், ஹெச்.ஆர்.-க்கு எழுதுங்கள்: ஆப் என்ன செய்யும், நிறுவனத் தொழிலோடு ஏன் மோதாது, சொந்த நேரமும் சாதனமும் மட்டுமே பயன்படும். ‘ஆட்சேபமில்லை, உரிமை கோரமாட்டோம்’ என்ற பதிலைக் கையெழுத்திட்ட தாளில் வாங்குங்கள். வேலையை விட்ட அன்றே ஆபீஸ் மின்னஞ்சல் மூடப்படும். அதில் மட்டும் இருக்கும் அனுமதி கைக்கு எட்டாது. மேலாளர் வாய்மொழியாகச் சொன்ன சம்மதம், அவர் மாறியதும் போய்விடும்.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை, ஆனால் முதல்நிலைச் சான்றாக, அதாவது யாரும் பொய் என்று நிரூபிக்காதவரை ஏற்கப்படும் சான்றாக, நிற்கும். விண்ணப்பத்தோடு சோர்ஸ் கோடின் முதல் 10 பக்கம், கடைசி 10 பக்கம் எதையும் மறைக்காமல் தர வேண்டும். விண்ணப்பித்த பின் ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு.

விலகும்போது நீட்டும் காகிதங்களையும் முழுதாகப் படியுங்கள். பழைய ஒப்பந்தத்தில் இல்லாத உரிமை மாற்றம் அவற்றில் இருக்கக்கூடும். இருந்தால், உங்கள் ஆப்பின் பெயரைச் சொல்லி ‘இது நீங்கலாக’ என்று சேர்க்கச் சொன்ன பிறகே கையெழுத்து.