பொல்லார்டு: தமிழில் கட்டுத்தறி

கப்பலைக் கட்டிப்போடத் துறைமுக மேடையின் ஓரத்தில் குட்டையாக, தலை தடித்து நிற்கும் இரும்புக் கட்டைக்குப் பொல்லார்டு என்று பெயர். பெரிய கப்பல்களை இழுத்துவரும் டக் படகின் தளத்திலும் இந்த வகைக் கட்டை உண்டு. அங்கே பெரும்பாலும் இரட்டையாக நிற்கும்.

அடிமரத்தைக் குறிக்கும் 'போல்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து இது பிறந்திருக்கலாம் என்கிறார்கள். பொருத்தம்தான், முதலில் நட்டதெல்லாம் மரக்கட்டைகளே. பிறகு பிரிட்டனின் சில துறைமுகங்களில், கழித்துப்போட்ட பீரங்கிகளை வாய் மேலே தெரியும்படி பாதி புதைத்து, அவற்றில் கயிறு கட்டினார்கள்.

பழைய டக் ஒன்றில் ஏறினால் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்தக் கட்டையைத்தான். நீராவி எஞ்சின் போய் டீசல் வந்திருக்கும், மாலுமி அறைகூட மாறியிருக்கும். கட்டை மட்டும் பழையதாகவே நிற்கும். எஃகு வடம் அறுத்த பள்ளங்கள் அதன் இடுப்பில் வரிவரியாக ஓடும். வடம் உரசும் இடத்தில் பெயிண்ட் நிற்காது, இரும்பு பளபளக்கும். அடியில் பெயிண்ட் உரிந்த இடத்தில் பழைய நிறங்கள் அடுக்கடுக்காகத் தெரியும். இப்போது நைலான் போன்ற செயற்கை இழைக் கயிறுகள் வந்துவிட்டன. அந்தப் பள்ளங்களைத் தேய்த்துச் சமப்படுத்தாமல் இவற்றைச் சுற்றினால் இழை அறுந்துவிடும்.

டக்கின் பலத்தையும் இதை வைத்தே சொல்கிறார்கள். கரையிலுள்ள பொல்லார்டில் டக்கைக் கட்டி, முழு வேகத்தில் இழுக்கவிட்டு, கயிற்றில் விழும் விசையை டன் கணக்கில் அளப்பார்கள். அதுதான் 'பொல்லார்டு புல்' (ஆங்கிலத்தில் புல் என்றால் இழுப்பு). எஞ்சினின் குதிரைத்திறன் மட்டும் தெரிந்தால் இழுவை தெரியாது. புரொப்பல்லர் எவ்வளவைத் தள்ளுவிசையாக மாற்றுகிறது என்பது இதில்தான் வெளிப்படும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தூண்' என்கிறார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. தூண் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குவது. இதன் வேலை பக்கவாட்டில் வரும் இழுப்புக்கு அசையாமல் நிற்பது. மாட்டையும் யானையையும் கட்டும் கட்டுத்தறிக்கும் அதே வேலைதான். பட்டினப்பாலையில் புகார்த் துறையில் அசைந்தாடும் நாவாய்களுக்கு உவமை, 'வெளில் இளக்கும் களிறு'. வெளில் என்றால் யானை கட்டும் தறி, இளக்குவது என்றால் அசைப்பது. அதே பாட்டில், நெல் ஏற்றிவந்த படகுகளை லாயத்துக் குதிரைகளைப் போலக் கட்டிவைத்திருக்கிறார்கள்.

அதனால் பொல்லார்டுக்குக் கட்டுத்தறி, சுருக்கமாகத் தறி. நெசவுத் தறியோடு குழம்பும் இடத்தில் முழுச்சொல்லையே எழுதலாம். '50 டன் பொல்லார்டு புல்' என்பது '50 டன் தறி இழுவிசை' ஆகும்.