ஃப்ரெஷ்மேன்: புதுமுகமா, முதலாண்டா?

நம் ஊர் வேலை விளம்பரத்தில் 'ஃப்ரெஷர்' என்றால் அனுபவம் பூஜ்ஜியம். கல்லூரியில் என்றால் பதினேழு, பதினெட்டு வயது. சீனியர் எதிரே வந்தால் ஒதுங்கி நடக்கிற பிள்ளை. இந்த நினைப்போடு அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கிச் செய்திகளைப் படித்தால் 'ஃப்ரெஷ்மேன்' என்ற சொல் காலை வாரிவிடும். அந்த ஃப்ரெஷ்மேனுக்குப் பெரும்பாலும் இருபது வயது ஆகியிருக்கும். இருபத்தொன்றும் உண்டு. முகம் நிறையத் தாடி வைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

சொல் பிறந்தபோது அதற்கும் கல்லூரிக்கும் தொடர்பில்லை. பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் எந்த வேலைக்கும் புதிதாக வந்து சேர்ந்தவர் ஃப்ரெஷ்மேன். நாம் கத்துக்குட்டி என்போமே, அதுதான். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பல்கலைக்கழக முதலாண்டு மாணவருக்கு ஆகிவந்தது. பிரிட்டன்காரர்கள் பின்னாளில் அதை ஃப்ரெஷர் ஆக்கிக்கொண்டார்கள், நமக்கு வந்தது அந்த வடிவம். அமெரிக்கர்கள் பழையதையே வைத்துக்கொண்டு ஃப்ரெஷ்மேன், சோஃபமோர், ஜூனியர், சீனியர் என்று நான்கு ஆண்டுகளுக்கும் பெயர் வைத்தார்கள். ஆக, அங்கே ஜூனியர் என்பவர் மூன்றாம் ஆண்டு மாணவர்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 'ஜூனியர் ஹாக்கி' என்பது கல்லூரிக்கு முந்தைய கட்டம். பதினாறு முதல் இருபது வயது வரையிலான பையன்களுக்கான லீக்குகள். அமெரிக்காவின் யுஎஸ்ஹெச்எல் லீக் அவற்றில் பெயர்பெற்றது. பள்ளி முடித்த கையோடு கல்லூரிக்குப் போகாமல் ஓரிரண்டு ஆண்டு இந்த லீக்குகளில் ஆடிவிட்டுப் போவதுதான் ஆண்கள் ஹாக்கியில் வழக்கம். வெளியூரில், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கிச் சாப்பிட்டு, ஒரு பருவத்தில் அறுபது ஆட்டங்களுக்குக் குறையாமல் ஆடுவார்கள். கல்லூரி அணிக்கு ஒரு பருவத்தில் அதில் பாதியை ஒட்டித்தான் ஆட்டம். உடம்பு முறுக்கேறி, நூறு ஆட்டங்களுக்கு மேல் பார்த்துவிட்டு வருகிறவர் பெயருக்குப் பக்கத்தில்தான் ஃப்ரெஷ்மேன் என்று போடுகிறார்கள். பயிற்சியாளர்களுக்கு வேண்டியதும் அப்படிப்பட்டவர்தான். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதியும் மற்ற பல விளையாட்டுகளைவிட ஹாக்கிக்குக் கூடுதல் அவகாசம் தந்துவந்தது.

அதற்காக எல்லா ஃப்ரெஷ்மேனும் வயதில் மூத்தவர் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். மக்லின் செலிப்ரீனி 2023-24 பருவத்தில் பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆடியபோது அவருக்குப் பதினேழு வயது. 38 ஆட்டங்களில் 64 புள்ளிகள் (கோல் அடித்தாலும், கோலுக்கு உதவினாலும் ஒரு புள்ளி) எடுத்து, கல்லூரி ஹாக்கியின் உச்ச விருதான ஹோபி பேக்கர் விருதை வாங்கினார். முதலாண்டிலேயே அந்த விருதை முதலில் வாங்கியவர் மெய்ன் பல்கலைக்கழகத்தின் பால் காரியா. 1992-93இல் 39 ஆட்டங்களில் 100 புள்ளிகள்! இருவருமே ஜூனியர் ஹாக்கியில் அடிபட்டுத் தேறி வந்தவர்கள்தான்.

ஜூனியர் ஹாக்கியின் மேல்தட்டான கனடாவின் மேஜர் ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்களைத் தொழில்முறை ஆட்டக்காரர்களாகவே கருதி, என்சிஏஏ நெடுங்காலம் கதவை மூடி வைத்திருந்தது. 2024 நவம்பரில் அந்த முடிவை மாற்றிக்கொண்டது. 2025 ஆகஸ்ட் முதல் அவர்களும் வரலாம். அப்படி வருகிற ஃப்ரெஷ்மேன்களும் அனுபவத்தோடுதான் வருவார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கத்துக்குட்டி' சொல்லின் பழைய பொருளுக்குப் பொருந்தும், ஆளுக்குப் பொருந்தாது. 'புதுமுகம்' சினிமா வாசனையோடு வரும். அதோடு, தொழில்முறை லீக்கில் முதல் பருவம் ஆடும் ரூக்கிக்கு அதை ஒதுக்கிவைப்பது நல்லது. ரூக்கி என்ற சொல்லும் வயதால் மாட்டிக்கொண்ட ஒன்றுதான். சோவியத் ஒன்றியத்தில் பல ஆண்டுகள் ஆடித் தீர்த்துவிட்டு வந்த செர்கெய் மக்காரோவ், 1990இல் தன் 31ஆம் வயதில், வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்ஹெச்எல்லின் சிறந்த புதுமுகம் விருதை வாங்கினார். அப்புறம்தான் அந்த விருதுக்கு வயது வரம்பு கொண்டுவந்தார்கள்.

எனக்குப் பிடித்த சொல் 'புகுமுகம்'. புதுமுகத்தில் ஒரே ஓர் எழுத்து மாறினால் வயதும் அனுபவமும் கழன்று, உள்ளே நுழைகிறவர் என்பது மட்டும் மிஞ்சுகிறது. ஆனால் பி.யு.சி. படித்த தலைமுறைக்குப் புகுமுக வகுப்பு என்றால் கல்லூரிப் பட்டப்படிப்புக்கு முந்தைய ஆண்டு, இங்கே அது வேண்டாத குழப்பம். அதனால் 'முதலாண்டு வீரர்' என்பதே சரி. கல்லூரியில் எத்தனையாவது ஆண்டு என்பதைத் தவிர வேறெதையும் அது சொல்வதில்லை, ஃப்ரெஷ்மேன் என்ற சொல்லுக்கு ஹாக்கியில் எஞ்சியிருப்பதும் அந்தப் பொருள்தான். பெண்கள் அணிக்கும் அப்படியே எழுதலாம். ஆங்கிலத்தில் அங்கேயும் 'மேன்' என்றே எழுதிவந்தார்கள். யேல் பல்கலைக்கழகம் 2017இல்தான் தன் அலுவல் வழக்கில் அதை விட்டுவிட்டு, முதலாண்டு என்ற பொருள்படும் சொல்லுக்கு வந்து சேர்ந்தது.