பேண்தகு சுற்றுலா: சொல்லும் பொருளும்

ஓரிடத்தைக் காண வருவோரின் தேவை, அங்கே வாழும் மக்களின் நலன், தொழில் நடத்துவோரின் வருவாய், நிலமும் நீரும் காடும் கெடாத நிலை ஆகிய நான்கையும், இன்றைக்கு மட்டுமன்றி வருங்காலத்துக்கும் சேர்த்துக் கணக்கில் கொண்டு நடத்தப்படும் சுற்றுலாவே பேண்தகு சுற்றுலா. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டமும் உலகச் சுற்றுலா அமைப்பும் 2005இல் இணைந்து வெளியிட்ட வழிகாட்டி ஏறத்தாழ இப்பொருளிலேயே இதை வரையறுக்கிறது. ஆங்கிலத்தில் 'சஸ்டெயினபிள் டூரிசம்' எனப்படும் இக்கருத்துக்குத் தமிழில் நிலைத்த சுற்றுலா, நீடித்த நிலையான சுற்றுலா, நிலைபேறான சுற்றுலா, வளங்குன்றாச் சுற்றுலா எனப் பிற பெயர்களும் வழங்குகின்றன. இவற்றுள் எதைக் கொள்வது என்பது வெறும் விருப்பத்தைப் பொறுத்தது அன்று. ஒவ்வொரு பெயரும் பொருளை ஒவ்வொரு பக்கம் சாய்க்கிறது.

'சஸ்டெயின்' என்னும் வினை, கீழிருந்து பிடித்தல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் சொன்னால் தாங்குதல். ஓரிடம் எத்தனை பேரைக் கெடாமல் ஏற்கும் என்பதைத் தாங்குதிறன் என்று நாம் சொல்வது இவ்வேருக்கு மிக அருகில் நிற்கிறது. கருத்தின் வரலாறோ காட்டிலிருந்து தொடங்குகிறது. இன்றைய ஜெர்மனியில் உள்ள சாக்சனி நாட்டின் சுரங்க நிர்வாகியாக இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் மரம் வெட்டி வெட்டிக் காடுகள் அழிவதைக் கண்டு, வளர்வதற்கு மேல் வெட்டக்கூடாது என்னும் கருத்தை 1713இல் தம் நூலில் வலியுறுத்தினார். காட்டியலில் ஊன்றிய இச்சிந்தனை, வருந்தலைமுறையின் தேவைக்கு ஊறு நேராமல் இன்றைய தேவையை நிறைவு செய்யும் வளர்ச்சி என்று சுற்றுச்சூழலையும் வளர்ச்சியையும் ஆராய ஐ.நா. அமைத்த புருண்ட்லாண்ட் ஆணையத்தின் 1987ஆம் ஆண்டு அறிக்கையில் உலகப் பொதுக்கருத்தாக விரிந்தது. 1995இல் ஸ்பெயினின் லான்சரோட்டே தீவில் கூடிய உலக மாநாடு அதைச் சுற்றுலாவுக்கெனச் சாசனமாக்கியது.

சுற்றுலா என்னும் நம் சொல்லையும் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'டூர்' என்பதன் மூலம் வட்டம் வரையும் கருவியையும் கடைசல் கருவியையும் குறித்த கிரேக்கச் சொல். அதாவது, கிளம்பிய இடத்துக்கே வட்டமாகத் திரும்புதல். சுற்று என்னும் முற்பகுதி அதனுடன் அழகாகப் பொருந்துகிறது. உலா என்னும் பிற்பகுதி அதைவிடக் கூடுதலாக ஒன்றைத் தருகிறது. உலா இலக்கியத்தில் தலைவன் வீதியில் பவனி வருவான். ஆயினும் பாட்டின் பெரும்பகுதி அவனைப் பற்றியதன்று, பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவப் பெண்களாக வீதியில் நின்று அவனைக் காண்போர் அடையும் மாற்றங்களைப் பற்றியது. உலா வருபவர் கடந்து போய்விடுவார், அவர் வந்ததன் விளைவு வீதியில் உள்ளவர்களிடம் தங்கும் என்பதைத் தமிழ் மரபு எப்போதோ கண்டுகொண்டிருக்கிறது. இன்றைய சுற்றுலாவின் சிக்கலும் அதுவே: வந்தவர் திரும்பிவிடுகிறார், குப்பையும் வற்றிய கிணறும் ஏறிய வாடகையும் அங்கேயே வாழ்பவருக்கு எஞ்சுகின்றன.

இனிப் பெயர்களுக்கு வருவோம். 'நிலைத்த', 'நீடித்த' என்பவை இறந்தகாலப் பெயரெச்சங்கள். நிலைத்துவிட்ட, நீண்டுவிட்ட ஒன்றைக் குறிக்க வல்லவையே தவிர, இனிமேல் நிலைக்கும் வகையில் நடத்த வேண்டியதைக் குறிக்க அவற்றால் இயலாது. 'நிலையான' என்பதோ ஏற்ற இறக்கமற்ற வருவாய் உடைய தொழில் என்ற எண்ணத்தையே தரும். இலங்கைத் தமிழில் ஆட்சி வழக்காக வேரூன்றிய 'நிலைபேறான' இவற்றைவிடச் செறிவானது; ஆனால் அதுவும் விளைவைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை. 'வளங்குன்றா' என்பது மிகத் தெளிவான சொல்லாக்கம். எது குறையக்கூடாது என்பதை நேராகவே சொல்லிவிடுகிறது. எனினும் வளம் என்றதும் நீரும் மரமும்தான் மனத்தில் எழுகின்றன. ஊராரின் வாழ்வும் வழிபாடும் பேச்சும் அதனுள் அடங்கும் என்பதைத் தனியே விளக்க வேண்டியிருக்கிறது.

பேணுதல் என்னும் வினைக்குக் காத்தல், வளர்த்தல், மதித்துப் போற்றுதல் எனப் பல பொருள்கள் உண்டு. உடலைப் பேணுகிறோம், உறவைப் பேணுகிறோம், விருந்தினரையும் பேணுகிறோம். இடம், மக்கள், வருகையாளர் ஆகிய மூவருக்கும் ஒரே வினை பொருந்துவது பெரிய வசதி. அதோடு, பேணுதல் தானாக நடக்காது. பேணுவதற்கு ஆள் வேண்டும். பேண்தகு சுற்றுலா என்றால் பேணத்தக்க சுற்றுலா என்றாகி, காக்கப்படுவது ஊர் அன்று, தொழில்தான் என்று பொருள்படாதா எனச் சிலர் கேட்பர். நியாயமான கேள்வி; ஆங்கிலத் தொடரிலும் அதே ஐயம் உண்டு. ஆனால் 'தகு' என்பது இங்கே ஒரு தேர்வையும் வைக்கிறது. ஓரிடத்தின் சுற்றுலா இப்படியே பேணப்படும் தகுதி உடையதுதானா என்று ஒவ்வொரு முறையும் கேட்க வைப்பதால், இச்சொல்லையே நான் பரிந்துரைப்பேன்.

பேணுதல் எப்படி இருக்கும் என்பதற்குத் தாய்லாந்தின் மாயா விரிகுடா நல்ல சான்று. செங்குத்தான பாறைகள் சூழ்ந்த அச்சிறு கடற்கரைக்கு ஒரு நாளில் 5,000 பேர் வரை வந்துகொண்டிருந்தனர்; படகுகளின் நங்கூரம் பட்டுப் பவளப்பாறைகள் சிதைந்தன. 2018 ஜூனில் அரசு விரிகுடாவை மூடியது. பவளங்கள் மீண்டும் நடப்பட்டன. கருந்துடுப்புச் சுறாக்கள் கரையோரத்துக்குத் திரும்பின. 2022 ஜனவரியில் திறந்தபோது, படகுகள் விரிகுடாவுக்குள் நுழையாமல் தீவின் பின்புறத் துறையில் ஆட்களை இறக்க வேண்டும் என்றும், ஒரு நேரத்தில் இத்தனை பேரே இருக்கலாம் என்றும் விதிகள் வந்தன. ஆண்டுதோறும் சில வாரங்கள் மூடி ஓய்வளிப்பதும் வழக்கமாயிற்று. எண்ணிக்கை, வழி, காலம் ஆகிய மூன்றையும் ஒருவர் பொறுப்பேற்று வகுத்ததே இதன் சாரம்.

வருகையாளரின் பங்கைப் பசிபிக் தீவு நாடான பலாவு நேரடியாகவே கேட்டுப் பெறுகிறது. 2017 முதல், அந்நாட்டுக் குழந்தைகளை முன்னிறுத்தி எழுதப்பட்ட உறுதிமொழி நுழைவோரின் கடவுச்சீட்டில் முத்திரையாகப் பதிக்கப்படுகிறது. பயணி அதில் கையொப்பமிட வேண்டும். மூன்றாம் தரப்பான ஊராரின் பங்குதான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. பயணி செலவழிக்கும் பணம் வெளியூர் முதலாளிக்கும் இறக்குமதிப் பொருளுக்கும் போய்விடுவதைப் பொருளியலார் கசிவு என்பர். கசிவு மிகுந்த இடத்தில் எத்தனை மரம் நட்டாலும் அது பேண்தகு சுற்றுலா ஆகாது. தண்ணீரும் இடமும் கொடுத்தவருக்கு வருவாயிலும் முடிவெடுப்பதிலும் பங்கில்லையே!

சூழல் சுற்றுலாவுடன் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது இயற்கை சார்ந்த ஒரு வகை; பேண்தகு சுற்றுலா ஒரு வகையே அன்று, நகரம், கோயில், கடற்கரை, மாநாடு என எல்லா வகைக்கும் உரிய நடைமுறை நெறி. இதன் எதிர்ச்சொல்லாக, ஓரிடம் தாங்கும் அளவுக்கு மேல் ஆட்கள் குவியும் மிகைச் சுற்றுலாவைக் கொள்ளலாம். பண்புப் பெயர் வேண்டுமிடத்தில் பேண்தகவு என்றும், செயலைக் குறிக்குமிடத்தில் பேண்தகு சுற்றுலா மேலாண்மை என்றும் எழுதலாம். கலைச்சொல்லுக்குப் பழகாத வாசகருக்கு எழுதும்போது, முதல் முறை வருமிடத்தில் 'ஊரையும் வளத்தையும் பேணி நடத்தும் சுற்றுலா' என விரித்துச் சொல்லிவிட்டுத் தொடர்வது நல்லது.