பழைய பைக்ல கறுப்புப் புகை வந்தா மொதல்ல எஞ்சினை அவிழ்க்காதீங்க

போன மாசி மாசம் தலவாக்கலைப் பக்கத்து தோட்டத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆன கிளாக்கர் ஐயா ஒருத்தர் பழைய ஹொண்டா சீடி 125 பென்லி ஒண்ண லொறில ஏத்திக்கிட்டு ஹட்டன்ல இருக்கிற நம்ம கராஜுக்கு வந்தாரு. அவரோட அப்பா ஓட்டுன பைக். ரொம்ப வருஷமா கொழும்புக்குப் பக்கத்துல கடலோரமா இருக்கிற வத்தளைல சொந்தக்காரங்க வீட்ல ஓடிக்கிட்டு இருந்திச்சாம், அங்க ஒரு தொல்லையும் இல்ல, இங்க கொண்டாந்த நாள்ல இருந்து சைலன்சர்ல கரிப்புகை, ஏத்தத்துல ரெண்டாவது கியர்லயே திணறுது, பெற்றோல் குடிக்கிறது சொல்லி மாளாது. வேற ஒரு இடத்துல காட்டியிருக்காரு, அவங்க ஸ்டார்ட் பண்ணி புகையப் பார்த்த உடனேயே பிஸ்டன் ரிங் போயிருச்சு, சிலிண்டரை போர் அடிச்சு (உள்ள குடைஞ்சு பெருசாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டன் போடணும்னு சொல்லிட்டாங்க.

"தம்பி, அப்பா கை வச்ச எஞ்சின், அவிழ்க்க மனசு வரல, நீங்க ஒருக்கா பாருங்க"ன்னாரு.

"ஐயா, மொதல்ல பிளக்கைக் கழட்டிப் பாப்போம், எஞ்சினை அப்புறம் பாப்போம்"னு சொல்லி ரெண்டு பிளக்கையும் கழட்டி வெள்ளைத் துணில வச்சேன். ரெண்டும் அடுப்புச் சட்டி அடி மாதிரி கறுப்பு, விரலால தடவுனா காஞ்ச கரி மாவு மாதிரி ஒட்டுது, எண்ணெய்ப் பிசுபிசுப்பே இல்ல. ரிங் போன எஞ்சின்ல பிளக் ஈரமா பளபளன்னு ஒயிலோட இருக்கும், புகையும் நீலமா வரும். கறுப்புப் புகைன்னா உள்ள போற பெற்றோல் முழுசா எரியலன்னு அர்த்தம், அது பெரும்பாலும் பெற்றோலையும் காத்தையும் கலக்கிற காபரேட்டரோட விஷயம். பென்லில இன்னொரு வசதி இருக்கு, சிலிண்டர் ரெண்டு, காபரேட்டர் ஒண்ணு, அதனால ரெண்டு பிளக்கும் ஒரே மாதிரி கறுத்திருந்தா காபரேட்டரைப் பாருங்க, ஒரு பக்கம் மட்டும் கறுத்திருந்தா அந்தப் பக்கத்து பிளக் கெப், வயர், வால்வ் இடைவெளி, கம்ப்ரஷன் இதுகளப் பாருங்க.

வத்தளைல நல்லா ஓடுன பைக் இங்க ஏன் புகையுதுன்னு நெறைய பேர் கேக்குறாங்க. மலைக்கு ஏற ஏற காத்து மெலிசாகுது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், அங்க காத்தோட அடர்த்தி கடல் மட்டத்தை விட கிட்டத்தட்ட 17 வீதம் குறைவு. ஆனா காபரேட்டர் பெற்றோலை அதே அளவுக்குக் குறைக்காது, காத்து குறையுறதுல ஏறக்குறைய பாதி அளவுக்குத்தான் பெற்றோல் குறையும், அதனால கலவைல பெற்றோல் பங்கு தன்னாலேயே ஒரு 9 வீதம் கூடிப் போயிருது. புது இன்ஜெக்ஷன் பைக்ல சென்சர் பார்த்து சரி பண்ணிக்கும், பழைய காபரேட்டருக்கு அந்த வித்தை தெரியாது, நாமதான் ஜெட் (பெற்றோல் போற சின்ன ஓட்டை உள்ள பித்தளைத் துண்டு) மாத்தணும். கெய்ஹின் கம்பனி காபரேட்டர் ஜெட்ல இருக்கிற நம்பர் ஏறக்குறைய ஓட்டையோட விட்டம், 100ன்னா 1 மில்லிமீட்டர், 95ன்னா 0.95. விட்டத்துல 5 வீதம் குறைஞ்சா ஓட்டையோட பரப்புல 10 வீதம் குறையும், அதாவது 100 ஜெட் போட்ட பைக்குக்கு நுவரெலியா உயரத்துல 95 போட்டா கணக்கு கிட்டத்தட்ட நேராயிரும். பீஎஸ்ஏ மாதிரி இங்கிலாந்து பைக்ல இருக்கிற ஏமல் கம்பனி ஜெட் நம்பர் இந்தக் கணக்கு இல்ல, அது ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சீசீ ஓடுதுங்கிறது, ஒரு கம்பனி நம்பரை இன்னொரு கம்பனி நம்பரோட ஒப்பிட்டு வாங்கிராதீங்க.

ஆனா ஐயாவோட பைக்ல உயரம் மட்டும் காரணமா இருக்க முடியாது, நுவரெலியா உயரத்துக்கே 9 வீதந்தான், அதுக்கு இவ்வளவு கரி வராது. அதனால எப்பவும் செய்யுற மாதிரி வெளியில இருந்து உள்ள போனேன். மொதல்ல எயார் பில்டர், மிஸ்டும் மழையுமா இருக்கிற ஊர்ல பேப்பர் பில்டர் ஈரமாகி தூசியோட சேர்ந்து களி மாதிரி அடைச்சிரும், இதுல பில்டர் சரியாத்தான் இருந்திச்சு. அடுத்து சோக் (குளிர்ல ஸ்டார்ட் பண்ண காத்தைக் குறைக்கிற மூடி), லீவரைத் திருப்பி விட்டாலும் உள்ள முழுசா திறந்திருக்கான்னு கண்ணால பாக்கணும், சும்மா லீவரை நம்பக்கூடாது. எஞ்சின் நல்லா சூடான பிறகு சோக்கைக் கொஞ்சமா இழுத்துப் பாருங்க, இழுத்த உடனே அமுங்கி நிக்கப் பார்த்தா ஏற்கனவே பெற்றோல் கூட, இழுத்ததும் நல்லா ஓடுனா பெற்றோல் குறைவு. இதுக்கு ஒரு சாவி கூட தேவையில்ல.

பிறகு புளோட், அதாவது காபரேட்டர் அடியில இருக்கிற பெற்றோல் கிண்ணத்துல (பௌல்) மட்டத்தைக் காக்கிற மிதவை. பௌல்ல தண்ணி பைப் மாதிரி ட்ரெயின் வாய் இருக்கிற காபரேட்டர்னா ஒரு செலைன் டியூபை அதுல மாட்டி, காபரேட்டர் பக்கத்துல மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ட்ரெயின் ஸ்குரூவைத் திறங்க, டியூப்ல தெரியுற பெற்றோல் மட்டந்தான் உள்ள இருக்கிற மட்டம், பெரும்பாலான காபரேட்டர்ல அது பௌல் கேஸ்கெட் விளிம்புக்குக் கொஞ்சம் கீழ நிக்கணும். மேல ஏறுனா புளோட் நீடில் (பெற்றோல் வர்ற வழிய அடைக்கிற ஊசி) முனைல தேய்ஞ்ச வளையம் இருக்கான்னு பாருங்க. பித்தளை புளோட்டா இருந்தா காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க, உள்ள சலசலன்னு கேட்டா ஓட்டை, சுடுதண்ணில அமுக்குனா குமிழி வர்ற இடந்தான் ஓட்டை இருக்கிற இடம். (பெற்றோல் பட்ட சாமானைக் கழட்டி வச்சிருக்கிற இடத்துல அடுப்பும் பீடியும் வேணாம், சுடுதண்ணிய வேற இடத்துல வச்சுக் கொண்டாங்க.)

இதுல புளோட்டும் சரி. மெயின் ஜெட்டைக் கழட்டி வெளிச்சத்துல பிடிச்சேன், ஓட்டை வட்டமா இல்ல, ஒரு பக்கம் கீறி இழுத்த மாதிரி இருந்திச்சு. யாரோ எப்பவோ கம்பி விட்டுக் குத்தியிருக்காங்க. இந்தப் பழக்கத்தைத் தயவு செஞ்சு விடுங்க. 2022ல பெற்றோல் தட்டுப்பாட்டுல கியூஆர் பங்கீடு வந்தப்ப பைக்குக்கு கிழமைக்கு 4 லீட்டர்தான், அதுக்கு முன்ன பின்ன கான்ல மாசக்கணக்கா வச்ச பெற்றோல், மண்ணெண்ணெய் கலந்த பெற்றோல்னு எதையெல்லாமோ ஊத்தி ஓட்டுனோம், காபரேட்டர்ல பிசின் கட்டாத பைக்கே இல்ல, அப்ப பல பேர் கையில கிடைச்ச கம்பியாலதான் ஜெட்டைக் குத்துனாங்க. ஜெட் பித்தளை, கம்பி இரும்பு. 1 மில்லிமீட்டர் ஓட்டை 1.1 ஆனா பெற்றோல் போற பரப்பு 21 வீதம் கூடிரும், மேல நம்பர் 100ன்னுதான் இருக்கும். அடைப்பு எடுக்க காபரேட்டர் கிளீனர்ல ஊற வச்சு காத்தடிங்க, அப்பவும் போகலன்னா தூண்டில் நைலோன் நூலை விட்டு இழுங்க.

அடுத்தது நீடில் ஜெட், பழைய பைக்ல எல்லாரும் மறக்கிற சாமான் இதுதான். அக்சிலேட்டர் திருப்ப திருப்ப நீடில்ங்கிற கூரான ஊசி அதுக்குள்ள மேலயும் கீழயும் உரசிக்கிட்டே இருக்கு, நாப்பது வருஷமா உரசுனா என்ன ஆகும். பூதக்கண்ணாடில பார்த்தப்ப ஐயாவோட பைக்ல நீடில் ஜெட்டோட வாய் முட்டை வடிவமா இருந்திச்சு, நீடில் பக்கவாட்டுல பளபளன்னு ஒரு பட்டை. இது எவ்வளவு பெரிய விஷயம்னு ஒரு உதாரணக் கணக்கு சொல்றேன். ஜெட் 2.60 மில்லிமீட்டர், அதுக்குள்ள நீடில் 2.50ன்னு வைங்க, பெற்றோல் போறது நடுவுல இருக்கிற மெல்லிசான இடைவெளிலதான். ஜெட் 0.02 பெருசாகி நீடில் 0.02 சிறுசானா, ரெண்டும் தலைமுடி மொத்தத்துல பாதி கூட இல்ல, ஆனா அந்த இடைவெளியோட பரப்பு 40 வீதம் கூடிரும். நீடிலும் ஜெட்டும் சேர்த்துத்தான் மாத்தணும், ஒண்ணு மட்டும் மாத்துனா பழையது புதுச தின்னுரும். வத்தளைலயே இந்தப் பைக் கொஞ்சம் ரிச்சாத்தான் (கலவைல பெற்றோல் கூடி) ஓடியிருக்கணும், தாங்கிக்கிட்டு ஓடியிருக்கு, மலை ஏறுன பிறகு உயரமும் தேய்மானமும் ஒண்ணு சேர்ந்து ஆளைக் கவுத்திருச்சு.

எந்த ஜெட் எப்ப வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா தேடுறது சுலபம். அக்சிலேட்டர் பிடில ஒரு வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி கோடு போட்டுக்கங்க. எட்டுல ஒரு பங்கு வரைக்கும் பைலட் ஜெட் (ஸ்லோவுக்கான சின்ன ஜெட்), கால் பங்குல இருந்து முக்கா பங்கு வரைக்கும் நீடிலும் நீடில் ஜெட்டும், முக்காவுக்கு மேல மெயின் ஜெட். ஐயாவுக்கு பாதி திருப்புலதான் மோசமா இருந்திச்சு, அது நீடில் ஜெட்டைத்தான் காட்டுச்சு. ஸ்லோவுல மட்டும் புகைஞ்சா ஸ்லோ கலவையைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் ஸ்குரூவைப் பாக்கணும், அதுலயும் கவனம், ஸ்குரூ எயார் பில்டர் பக்கமா இருந்தா வெளிய திருப்புனா பெற்றோல் குறையும், எஞ்சின் பக்கமா இருந்தா உள்ள திருப்புனாத்தான் குறையும். இது தெரியாம தலைகீழா திருப்பி நாள் பூரா மாரடிக்கிறவங்களப் பார்த்திருக்கேன்.

சிலர் எயார் பில்டரையே கழட்டி வீசிட்டு இப்ப நல்லா ஓடுதுன்னு சொல்வாங்க. உண்மைதான், காத்து கூடப் போறதால ஓடும், ரெண்டு நிமிஷம் சோதிச்சுப் பாக்க அது நல்ல வழி. அப்படியே தோட்டத்து மண் ரோட்ல ஓட்டுனா அந்தத் தூசி சிலிண்டரை அரைச்சு, இல்லாத ரிங் வருத்தத்தை நெசமாவே கொண்டு வந்திரும். ரிச்சா ஓட்டிக்கிட்டே இருந்தாலும் அதே கதிதான், எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவர்ல இருக்கிற ஒயிலைக் கழுவிக்கிட்டு கீழ இறங்கும். ஒயில் கம்பிய எடுத்து மோந்து பாருங்க, பெற்றோல் வாசம் அடிச்சா, ஊத்தாமலே மட்டம் ஏறியிருந்தா, காபரேட்டர் சரி பண்ணுன அன்னைக்கே ஒயிலையும் மாத்திருங்க. ஐயாவோட பைக்ல மாத்துனோம்.

இன்னொரு விஷயம், இதை நான் எல்லாருக்கும் கெஞ்சித்தான் சொல்றேன். ஜனவரி பெப்ரவரில நுவரெலியாப் பக்கம் புல்லுல பனி உறையுற காலைல, குளிருக்குப் பயந்து வீட்டு விறாந்தைலயோ லயத்துக் கதவை மூடிக்கிட்டோ பைக்கை சோக் இழுத்து சூடாக்குறாங்க. ரிச்சா ஓடுற எஞ்சின்ல இருந்து கார்பன் மொனொக்சைட் கூட வருது, அதுக்கு நிறமும் இல்ல வாசமும் இல்ல, ரத்தத்துல ஒக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தைப் பிடிச்சுக்கும். தலைவலி, தலைசுத்து, வாந்தி வர்ற மாதிரி இருந்தா பெற்றோல் மணம்னு நினைச்சு இருந்துராதீங்க, உடனே வெளிக்காத்துக்கு வந்து ஆஸ்பத்திரிக்குப் போங்க. பிள்ளைங்க தூங்குற வீட்டுக்குள்ள பைக்கை ஸ்டார்ட்டே பண்ணாதீங்க, வெளிய தள்ளிக்கிட்டு வந்து கிக் அடிங்க.

கடைசில ஐயாவோட பைக்குக்கு நீடில், நீடில் ஜெட் புதுசு, மெயின் ஜெட் கம்பனி சைஸ்ல இருந்து ஒரு சைஸ் கீழ. லிந்துலை தாண்டி நானுஓயா ஏத்தத்துல ஆள் வாகனம் இல்லாத நேரம் பார்த்து பாதித் திருப்புல கொஞ்ச தூரம் ஓட்டி, கிளச் பிடிச்சு எஞ்சினை நிப்பாட்டி ஓரமா விட்டேன், ஏத்தமா இருந்ததால வண்டி தானா நின்னுரும், எறக்கத்துல இதைச் செய்யவே கூடாது. கழட்டிப் பார்த்தா பிளக் ரெண்டும் பிஸ்கட் நிறம், கலவை சரியாயிருச்சுன்னு அர்த்தம். ஐயா தேத்தண்ணிய கீழ வச்சிட்டு அந்த பிளக்கை ரொம்ப நேரம் கையில வச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தாரு.

போகும்போது வத்தளைக்கு மறுபடி கொண்டு போவேனேன்னு சொன்னாரு. அப்ப இந்த சின்ன ஜெட்டோட கீழ போய் முழுசா முறுக்கக்கூடாது, அங்க காத்து கூட, பெற்றோல் பத்தாம பிஸ்டன் சூடாகி இறுகிரும், இறங்குறதுக்கு முன்ன ஜெட்டை மாத்திக்கங்க ஐயான்னு சொல்லி, கம்பனி சைஸ்ல புது ஜெட் ஒண்ண நெருப்புப் பெட்டில போட்டு, மேல "கீழ ஓட்ட"ன்னு எழுதி டூல் பொக்ஸ்ல வச்சுக் குடுத்தேன்.