மானுக்கு மங்கல், மனிதனுக்குப் பளிச்: வில்லும் துப்பாக்கியும் ஒரே காட்டில் இருக்கும் நாட்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வில் வேட்டைப் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கிப் புத்தாண்டுக்குப் பிறகும் நீள்கிறது. அதன் நடுவே, நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றித் திருநாளுக்கு முந்தைய சனிக்கிழமையன்று, ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவம் திறக்கிறது. வில் வேட்டை அதற்காக நிற்பதில்லை. இரண்டு மாதமாக அமைதியாக இருந்த காடுகளுக்குள் மாநிலம் முழுவதும் லட்சக்கணக்கானோர் துப்பாக்கியோடு விடியுமுன்பே நுழைகிறார்கள். முந்தைய நாள் வரை வில்லாளியைக் காத்த பழக்கங்கள் எல்லாம் அன்று காலை முதல் அவருக்கு எதிராகத் திரும்பிவிடுகின்றன.

ஏன் என்பது தூரக் கணக்கில் இருக்கிறது. வில்லாளி பெரும்பாலும் 20 முதல் 35 மீட்டருக்குள்தான் அம்பு விடுகிறார். மான் அவ்வளவு நெருங்கி வர வேண்டும் என்பதால், மான் தடத்தை ஒட்டியே உட்கார்கிறார், இலைதழை அச்சிட்ட உடை அணிகிறார், அசைவதே இல்லை. கிடாயை வரவழைக்க இரண்டு கொம்புகளை மோதி ஒலி எழுப்புகிறார், ஊதுகுழலில் உறுமுகிறார். புதருக்கு அப்பால் துப்பாக்கியோடு நிற்பவர் காதுக்கு அது மான்தான். 26 கிராம் அம்பு நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் சுமார் 94 ஜூல் ஆற்றலைச் சுமக்கிறது. .308 ரகத் தோட்டா 10 கிராம்கூட இல்லை; ஆனால் நொடிக்கு 860 மீட்டரில் கிளம்பி ஏறத்தாழ 3,600 ஜூல் சுமக்கிறது. சற்று மேல்நோக்கிச் சுட்டுவிட்டால் சில கிலோமீட்டர் போய்த்தான் விழும்.

அதனால்தான் துப்பாக்கி மான் பருவத்தில், கையில் வில்லே இருந்தாலும், வேட்டையாடுபவரின் இடுப்புக்கு மேலான வெளி உடையில் பாதியாவது ஒளிரும் ஆரஞ்சு அல்லது ஒளிரும் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும் என்கிறது விஸ்கான்சின் சட்டம். தொப்பி போட்டால் அதிலும் பாதி. அளவு மாநிலத்துக்கு மாநிலம் வேறு: கொலராடோவில் துப்பாக்கி வேட்டைக்காரருக்கு 500 சதுர அங்குலம், அதாவது சுமார் 3,200 சதுர செ.மீ. துணியும், அதே நிறத் தொப்பியும் தேவை.

வில்லாளிகள் பலர் இதை வேண்டாவெறுப்பாகத்தான் அணிகிறார்கள். இவ்வளவு பளிச்சென்ற நிறம் மானை விரட்டாதா? விரட்டாது. நம் விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்பு செல்கள் மூன்று வகை உள்ளன. அவற்றில் ஒன்றின் உணர்திறன் 560 நானோமீட்டர் அலைநீள ஒளி அருகே உச்சம் கொள்கிறது. வெண்வால் மானுக்கு இரண்டே வகைதான்: ஒன்று 450 முதல் 460 வரையிலான நீலத்தில், மற்றது 537 அருகே பச்சையில். வேட்டை ஆரஞ்சின் அலைநீளம் 595 முதல் 605 நானோமீட்டர். அங்கே மானின் பச்சைக் கூம்பு கொஞ்சமே துலங்குகிறது. ஒப்பிட்டு நிறத்தைப் பிரித்தறிய மூன்றாவது கூம்பும் இல்லை. ஆகவே நமக்குத் தீப்பிழம்பாகத் தெரிவது, மானுக்குச் சருகுகளுக்கிடையே கிடக்கும் மங்கிய மஞ்சள் பழுப்பு. ஆனால் மானின் பார்வைப் பரப்பு மிக அகலமானது, அசைவைச் சட்டென்று பிடித்துவிடும். வில்லைத் தவறான நேரத்தில் இழுத்தவரை மான் கண்டுகொண்டால், பழி ஆரஞ்சு வெஸ்டுக்கு, அதாவது மேலே போடும் கையில்லாத அங்கிக்கு, போய்விடுகிறது.

இந்தத் துணி வெறும் ஆரஞ்சுச் சாயம் அல்ல. சாதாரணச் சாயம் தன்மேல் விழும் ஆரஞ்சு ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும். ஒளிரும் சாயமோ புற ஊதாவையும் நீலத்தையும் பச்சையையும் உறிஞ்சி, அந்த ஆற்றலையும் ஆரஞ்சாகவே உமிழ்கிறது. விழுந்ததைவிட அதிகமான ஆரஞ்சு ஒளி அதிலிருந்து கிளம்புகிறது. மேகமூட்டத்திலும் விடியலிலும் வானொளியில் நீலம் மிகுந்திருப்பதால், அப்போது அது சுற்றுப்புறத்தைவிட இன்னும் தூக்கலாகத் தெரியும். பழுத்த மேப்பிள் இலை ஆரஞ்சாக இருந்தாலும் இந்தத் துணியோடு போட்டி போட முடியாது.

சாயத்துக்கு ஆயுள் உண்டு. வெயிலின் புற ஊதாவே அதன் மூலக்கூறுகளைச் சிதைக்கிறது. பழைய வெஸ்டைப் புதிய துணிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பீச் பழ நிறத்துக்கு வெளுத்திருந்தால் மாற்றிவிடுங்கள். துவைப்பதிலும் ஒரு சிக்கல். பெரும்பாலான சலவைத்தூள்களில் துணியை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்பொருள் கலந்திருக்கிறது. புற ஊதா விளக்கின் கீழ் வெள்ளை வேட்டி நீலமாக மின்னுவது அதனால்தான். அது புற ஊதாவை வாங்கி 440 நானோமீட்டர் வாக்கில் உமிழ்கிறது. மானின் நீலக் கூம்பு மிகக் கூர்மையாக உணர்வது ஏறத்தாழ அந்த இடத்தைத்தான். போதாததற்கு, நம் விழிவில்லை வடிகட்டிவிடும் புற ஊதாவில் ஒரு பகுதி மானின் விழித்திரைவரை போகிறது. ஒளிர்பொருள் இல்லாத சோப்பில் துவைத்து, இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். துணி முழுக்க ஆரஞ்சாக ஒளிர்ந்தால் சரி. தையல் நூலோ முத்திரைச் சீட்டோ வெளிர்நீலமாக மின்னினால் அதை வெட்டி எடுங்கள் அல்லது மறையுங்கள்.

ஆரஞ்சை நம்பக் கூடாத நேரமும் உண்டு. வெளிச்சம் குறையக் குறைய நம் கண் கூம்புகளிலிருந்து, மங்கிய ஒளியில் பார்க்க உதவும் கோல் செல்களுக்கு மாறுகிறது. உச்ச உணர்திறன் 555 நானோமீட்டரிலிருந்து 507-க்கு நகர்கிறது. ஆரஞ்சும் சிவப்பும்தான் முதலில் கறுக்கும். அந்தியிருட்டில் வெஸ்ட் வெறும் சாம்பல் நிறம். மரத்தில் கட்டிய பரணுக்குப் போகும்போதும் இறங்கித் திரும்பும்போதும் வெள்ளை டார்ச் எரிந்துகொண்டே இருக்கட்டும். மான் கலைந்துவிடும் என்று அணைத்துவிட்டு நடப்பது மிகக் கெட்ட பழக்கம். இன்னொன்று: ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பு-பச்சைக் குறைபாடு இருக்கிறது. அவர்களில் சிலருக்கு ஆரஞ்சு மங்கலாகவே படும். இளஞ்சிவப்பில் நீலமும் கலந்திருப்பதால் அது அவர்களுக்கு உதவக்கூடும். 2016-இல் ஒளிரும் இளஞ்சிவப்பை முதன்முதலில் அனுமதித்த மாநிலம் விஸ்கான்சின்தான்.

அணிந்த ஆரஞ்சு மறைந்துபோவதுதான் காட்டில் அடிக்கடி காணும் பிழை. முதுகுப்பை மாட்டியதும் பின்புறம் முழுக்கப் பழுப்பு. பைக்கும் ஓர் ஆரஞ்சு உறை வேண்டும். புதர் மட்டத்துக்கு மேலே தெரிவது தலை மட்டும்தான், ஆகவே தொப்பியைக் கழற்றாதீர்கள். மறைகூடாரத்துக்குள் உட்கார்ந்தால் உடையால் பயனே இல்லை. அரசு நிலங்களில் கூடாரத்துக்கு வெளியே எல்லாத் திசையிலிருந்தும் தெரியும்படி 144 சதுர அங்குல ஆரஞ்சு கட்ட வேண்டும் என்று விஸ்கான்சின் விதி வைத்திருப்பது அதனால்தான். தொளதொள வெஸ்ட் வில்லாளிக்குத் தனி ஆபத்து: நாண் துணியில் உரசினால் அம்பு விலகிப் போகும். உடம்போடு ஒட்டிய கையில்லாத வெஸ்டாகத் தேர்ந்து, வீட்டிலேயே போட்டுக்கொண்டு நாணை இழுத்துப் பழகுங்கள். பரணில் இருப்பவர் அதைப் பாதுகாப்புப் பட்டையின் முதுகு இணைப்பு மறையாதபடி அணிய வேண்டும். தரையில் உட்கார்ந்தால் தோளைவிட அகலமான அடிமரத்தில் முதுகைச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கி பிடிப்பவரின் பங்கு இதைவிடப் பெரிது. சமதரையில் நின்று 1.5 மீட்டர் உயரத்திலிருந்து, 100 மீட்டர் தொலைவில் மானின் நெஞ்சை, அதாவது 80 செ.மீ. உயரத்தை, நோக்கிச் சுடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குறி தவறாமல் பட்டு ஊடுருவினாலும், நேர்கோட்டுக் கணக்கில் தோட்டா மானுக்குப் பின்னால் சுமார் 114 மீட்டர் கடந்துதான் தரையைத் தொடும். அவ்வளவு தட்டையான கோணத்தில் தொட்டால் தெறித்து மேலும் போகலாம். அதே துப்பாக்கி 5 மீட்டர் உயரப் பரணிலிருந்து 40 மீட்டரில் சுட்டால், மானுக்குப் பின்னால் 8 மீட்டருக்குள் தோட்டா மண்ணில் புதைகிறது. மேட்டு முகட்டில் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் மானைச் சுடவே கூடாது. அசைவது எது என்று பார்க்க இருகண்நோக்கியை எடுங்கள். துப்பாக்கியின் தொலைநோக்கி வழியே பார்ப்பது என்பது, அங்கே இருப்பது மனிதனானால், அவன்மேல் குழலை நீட்டுவதுதான்.

யாராவது உங்கள் பக்கம் வருவதைக் கண்டால் கையை ஆட்டாதீர்கள், விசிலும் அடிக்காதீர்கள். அசையாமல் இருந்தபடி, மனிதக் குரல் என்று ஐயமில்லாமல் தெரியும்படி உரக்கப் பேசுங்கள். வெண்வால் மான் ஓடும்போது வால் வெள்ளையாய் மின்னும். ஆகவே வெள்ளைக் கைக்குட்டையை அந்த வாரம் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கொன்ற மானை இழுத்து வரும்போது அதன் கொம்பிலும் உடம்பிலும் ஆரஞ்சுத் துணி சுற்றுங்கள். புதருக்கு மேல் கொம்பு மட்டும் நகர்வதைப் பார்ப்பவருக்கு, அதை இழுப்பவர் கண்ணில் படமாட்டார்.