இளைத்த கோழியின் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்தீர்களா?

கட்டைப்பையிலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு ஒரு பெட்டைக்கோழி கால்நடை மருந்தகத்தில் என் மேசைக்கு வந்தது. கொண்டுவந்த ஆயாவுக்குப் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் மொத்தம் ஒன்பது கோழிகள், ஒரு சேவல். "பூச்சி மருந்து எழுதிக் கொடு சாமி. போன மாதம் வரைக்கும் முட்டை வைத்துக்கொண்டிருந்தது" என்றார்.

பார்வைக்குக் கோழி நன்றாகத்தான் இருந்தது. செம்பழுப்பு இறகில் மினுமினுப்புக்கூடக் குறையவில்லை. இறகை விலக்கி நெஞ்சில் கை வைத்தபோதுதான் நடு எலும்பு கத்தி போல விரலில் ஏறியது. இரண்டு பக்கமும் சதை இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். தராசு 780 கிராம் காட்டியது. சிறிய நாட்டுக்கோழி வகையான சிறுவிடைப் பெட்டை என்றாலும் ஒரு கிலோவையாவது தாண்டியிருக்க வேண்டும்.

குடற்புழு மருந்து கொடுத்து அனுப்பினேன். மண்ணைக் கிளறித் தின்னும் கோழிக்குப் புழு இல்லாவிட்டால்தான் அதிசயம். ஆனால் மூன்று வாரம் கழித்து அதே கட்டைப்பை வந்தபோது எடை 760. அந்த வாரமே தடுப்பூசி வேலையாக அந்தப் பக்கம் போக நேர்ந்தது. ஆயா தீனி போடும் நேரம். வாசலில் ஒரே ஓர் அலுமினியத் தட்டு, அதைச் சுற்றி மற்றக் கோழிகள் எல்லாம். நம் கோழி பத்தடி தள்ளி நின்று தரையைக் கொத்துவதுபோலப் பாவனை செய்துகொண்டிருந்தது. தட்டை நெருங்கும் போதெல்லாம் ஒரு கறுப்புப் பெட்டை ஓடி வந்து அதன் தலையில் ஒரு கொத்து வைத்தது. இருட்டிய பிறகு கூண்டுக்குள் கை விட்டுத் தீனிப்பையைத் தொட்டேன். காலி. மூன்று வாரத்துக்கு முன் நான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டிய மருந்து இன்னொரு தட்டு.

அதற்குப் பிறகு யார் இளைத்த கோழியைக் கொண்டுவந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். நேற்று இருட்டிக் கூண்டில் அடையும்போது தீனிப்பை எப்படி இருந்தது? இன்று விடியும்போது எப்படி இருந்தது?

கழுத்து மார்போடு சேரும் இடத்தில், கோழியின் வலப்பக்கமாகச் சற்று ஒதுங்கி இருக்கும் பை அது. பகலெல்லாம் பொறுக்கியதை அதில் நிரப்பிக்கொண்டு கோழி அடையப் போகும். இரவில் அது கொஞ்சம் கொஞ்சமாக அரைவைப்பைக்கு இறங்கும். ஆகவே மாலையில் எலுமிச்சம்பழம் போலத் திரண்டிருக்க வேண்டும், விடிகாலையில் தட்டையாக வற்றியிருக்க வேண்டும். எந்தக் கருவியும் வேண்டாம். கோழி அடைந்த பிறகு பிடித்தால் அது கத்தாது, நீங்களும் முற்றத்தில் ஓட வேண்டாம்.

மாலையில் பை காலியாக இருந்தால், தீனி கிடைக்கவில்லை அல்லது கிடைத்தும் தின்ன முடியவில்லை. முதலாவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கோழிக்கூட்டத்தில் யார் முதலில் தின்பது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. கடைசி இடத்தில் இருப்பது, புதிதாக வந்தது, இறகு உதிர்ந்து சோர்ந்திருப்பது எல்லாம் மிச்சத்துக்கு நிற்கும். ஒரு தட்டில் போடுவதை மூன்று இடங்களில், ஒன்றிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியாதபடி வையுங்கள். கறுப்புப் பெட்டையால் ஒரே நேரத்தில் மூன்று தட்டுக்கும் காவல் இருக்க முடியாது. தட்டு எதிரே இருந்தும் கொத்தாமல் நின்றால் வாயைத் திறந்து பாருங்கள். புண், மஞ்சள் படலம், ஒடிந்த அலகு என்று ஏதாவது கண்ணில் படலாம். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிப் படுத்திருந்தால் அது வேறு நோய், வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது.

விடிகாலையிலும் பை உருண்டையாக, மாவுபோலக் கெட்டியாகவோ தண்ணீர்ப் பைபோலத் தளும்பியோ இருந்து வாயில் புளித்த வாடை வந்தால் அடைப்பு. தலைகீழாகப் பிடித்துப் பிதுக்கிவிடும் கைவைத்தியம் நம் ஊர்களில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். வெளியே வருவது மூச்சுக்குழாயில் இறங்கிக் கோழி கையிலேயே செத்துப்போகும்.

மாலையில் நிறைகிறது, காலையில் வற்றுகிறது, ஆனாலும் உடம்பில் ஒட்டவில்லை என்றால்தான் பூச்சி மருந்துக்கு வேளை வந்திருக்கிறது. அப்போதும் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதில் பயனில்லை. எச்சத்தில் அரிசி போல வெள்ளைத் துணுக்குகள் இருந்தால் அவை நாடாப்புழுவின் கண்ணிகள். எறும்பையும் வண்டையும் தின்பதால் வருவது அது. கடையில் எளிதாகக் கிடைக்கும் பைப்பரசின் என்ற மருந்து உருண்டைப்புழுவைத்தான் விரட்டும், நாடாப்புழுவைத் தொடாது. "பூச்சி மருந்து கொடுத்தேன், கேட்கவில்லை" என்பவர்களில் பலருடைய கதை இதுதான். அன்றைய எச்சத்தைச் சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டு, காலையிலேயே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுவாருங்கள். எந்தப் புழு என்று தெரிந்தால் எந்த மருந்து, எத்தனை அளவு, எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம்.

கொண்டை வெளுத்திருந்தால் இரவில் டார்ச் அடித்துக் கூண்டையும் பாருங்கள். பலகை இடுக்கில் பகலெல்லாம் ஒளிந்திருக்கும் உண்ணியும் செள்ளும் ராத்திரியில் ஏறி ரத்தம் குடிக்கும். கோழிக்கு மருந்து பூசிவிட்டுக் கூண்டை அப்படியே விட்டால் மறுநாளே பழைய கதை.

இன்னொன்று, பலரும் ஏமாறும் இடம். "வயிறு நன்றாகத்தான் பெருத்திருக்கிறது, கொழுப்பு வைத்துவிட்டதா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். நெஞ்சைத் தொட்டால் கத்தி, வயிற்றைத் தொட்டால் தண்ணீர்ப் பை, நடை வாத்து நடை. முட்டைக் கரு குழாய்க்குள் போகாமல் வயிற்றுக்குள் விழுந்து அழுகும்போது இப்படி ஆகும். பெரும்பாலும் நல்ல முடிவு இருப்பதில்லை. அந்தக் கோழிக்கு டானிக் வாங்கிச் செலவு செய்யாதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன்.

தீனி விஷயத்துக்கு வருகிறேன். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கோழிக்கு ராகி இறைப்பது வழக்கம். ராகி நல்ல தானியம்தான், மறுக்கவில்லை. "ராகியில் சுண்ணாம்பு அதிகமாயிற்றே, முட்டைக்குப் போதாதா?" என்று கேட்பார்கள். 100 கிராம் ராகியில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து சுமார் 344 மில்லிகிராம். ஒரு முட்டை ஓட்டுக்கே ஏறத்தாழ 2 கிராம் வேண்டும். அதாவது ஒரு கோழி நாளுக்கு 100 கிராம் ராகி தின்றாலும், ஓர் ஓட்டுக்கு ஆறு நாள் ராகி. மிச்சத்தைத் தன் எலும்பிலிருந்து எடுத்துத்தான் முட்டை வைக்கும். புரதமும் அப்படியே. அந்த 100 கிராமில் இருப்பது ஏழு கிராம், ஒரு நாட்டுக்கோழி முட்டையோடு ஐந்து கிராம் போய்விடுகிறது. வெறும் ராகியில் வாழும் கோழி முட்டை வைத்து வைத்தே இளைக்கும். உடைத்த சிப்பி தனித் தட்டில் எப்போதும் இருக்கட்டும். கடலைப்பிண்ணாக்கு ஒரு கை சேருங்கள், ஆனால் பூஞ்சை பிடித்த பிண்ணாக்கும் கறுத்த மக்காச்சோளமும் "கோழிக்குத்தானே" என்று போகக் கூடாது. அந்த நஞ்சு ஈரலில் இறங்கும். செலவே இல்லாத புரதம் கரையான். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத் துணுக்கு திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்துவிட்டால் காலையில் விருந்து தயார். நம் பாட்டிமார் படிக்காமலே செய்ததுதான் இது.

மிகவும் வாடிய கோழிக்குத் தீனியைவிட முதலில் வேண்டியது சூடு. குளிர்ந்த உடம்பில் தீனி செரிக்காது. அட்டைப்பெட்டியில் சாக்கு விரித்து, எட்டி நகர்ந்துகொள்ள இடம் விட்டு, ஒரு பக்கம் 60 வாட் குண்டு பல்பு. அடுத்து தண்ணீர், அதில் சிட்டிகை உப்பும் கொஞ்சம் வெல்லமும். பிறகு மசித்த வேகவைத்த முட்டை, குழைந்த சோறு, சிறிது சிறிதாக. வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுத் துளை திறந்திருக்கிறது. அலகின் ஓரத்தில் துளித் துளியாக விட்டால் தானே விழுங்கும். தெம்பு வந்ததும் அதே முற்றத்தில் பஞ்சாரக் கூடைக்கு அடியில் தீனியோடு கவிழ்த்து வையுங்கள். மற்றக் கோழிகளின் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால், திரும்பச் சேர்க்கும்போது அந்நியமாக நினைத்துக் கொத்துவது குறையும். இரண்டு நாளுக்கு ஒருமுறை, தீனி போடுமுன், அதே தராசில் எடை.

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய கோழியை அன்று மாலையே கூட்டத்தில் விடுவது பற்றி எனக்கு நிறையக் கோபம் இருக்கிறது. மூன்று வாரம் தனியாக வைக்கச் சொல்வதோடு இங்கே நிறுத்திக்கொள்கிறேன். ஒரே வாரத்தில் இரண்டு மூன்று கோழிகள் சுணங்கினாலோ, கழுத்து முறுக்கிக்கொண்டாலோ, பச்சையாகக் கழிந்தாலோ, தீனிப்பையைத் தொட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. அது ராணிக்கெட் என்னும் கழிச்சல் நோயாக இருக்கலாம். மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், அல்லது கால்நடை அவசர உதவிக்கான 1962 எண்ணை அழையுங்கள்.

ஆயாவின் கோழி, மூன்று தட்டு வந்த பிறகு, ஆடி மாதம் 1 கிலோ 120 கிராமைத் தொட்டது. ஆவணியில் முட்டை வைத்தது. ஐப்பசியில் மறுபடியும் கட்டைப்பை. "நெஞ்சு திரும்பவும் கத்தியாகிக்கொண்டு வருகிறது சாமி. மாலையில் பையும் பாதிதான்." தொட்டுப் பார்த்தேன், சொன்னது சரிதான். இறகைத் தூக்கினால் அடிவயிற்றில் இறகு கழிந்து வெறும் தோல், கை பட்டதும் உடம்பைச் சிலிர்த்துக் கொக்கரித்தது. "அடை வைத்திருக்கிறாயா ஆயா?" என்றேன். "ஆமாம், பதினொரு முட்டை. பன்னிரண்டு நாளாகிறது." இருபத்தொரு நாள் அடை கிடக்கும் கோழி நாளுக்கு ஒருமுறைதான் இறங்கித் தின்னும், இளைக்கத்தான் செய்யும், தட்டைக் கூடைக்கு அருகில் வைத்தால் போதும் என்று சொல்லிக்கொண்டே கோழியைப் பைக்குள் வைத்தேன். முட்டையெல்லாம் ஆறிக்கொண்டிருக்குமே என்று அடுத்த பஸ்ஸுக்கு ஆயாவைத் துரத்தினேன்.