கடன் தேயாது, கழியும்

போன மாதம் என் மச்சினன் ஒரு கத்தைக் காகிதத்தோடு வீட்டுக்கு வந்தான். மதுரைக்குப் பக்கத்தில் ஊமச்சிகுளத்தில் வீடு கட்டப் போகிறான். 25 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 வருடம். கையெழுத்து வாங்கும் முன் கடன் கொடுப்பவர்கள் தமிழிலேயே ஓர் அட்டவணை அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பு 'கடன் தேய்மான அட்டவணை'. மொத்தம் 240 வரி. ஒவ்வொரு வரியிலும் கடைசிக் கட்டத்தில் இருக்கும் எண், அதாவது பாக்கிக் கடன், இறங்கிக்கொண்டே போய் சைபரில் நிற்கிறது.

"மாமா, இன்னும் வானமே தோண்டல, அதுக்குள்ள தேய்மானம் போட்டுட்டாங்க. இருபது வருசத்துல வீட்டுக்கு மதிப்பே இருக்காதா?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் தமிழை ஒழுங்காகத்தான் படித்திருக்கிறான். தேய்மானம் என்றால் பொருளின் மதிப்பு குறைவது என்று பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் படித்த பையன். தப்பு தலைப்பில் இருக்கிறது. இந்தத் தலைப்பைக் கைபேசிச் செயலிகளில் பார்த்திருக்கிறேன், வீட்டுக்கடன் பற்றிப் பேசும் யூடியூப் அண்ணன்கள் வாயிலும் கேட்டிருக்கிறேன். சொந்தக்காரன் கையிலேயே வந்து நின்ற பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தத் தலைப்பின் ஆங்கில மூலச்சொல் அமார்ட்டைசேஷன் (amortization). லத்தீனில் 'மோர்ஸ்' என்றால் சாவு. அதிலிருந்து பழைய பிரெஞ்சு 'அமோர்ட்டிர்', அங்கிருந்து ஆங்கிலம். கடனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிப்பது என்று பொருள். அடமானத்தைக் குறிக்கும் மார்ட்கேஜ் என்ற சொல்லிலும் அதே சாவுதான்: 'செத்த ஈடு'. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இரண்டு வகை ஈடு இருந்தது. ஈடாக வைத்த நிலத்தின் வருமானம் கடனில் கழிந்தால் அது உயிருள்ள ஈடு. வருமானத்தைக் கடன் கொடுத்தவன் தின்றுகொண்டே இருக்க, அசல் அப்படியே நின்றால் செத்த ஈடு. மதுரைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அது நம்ம ஒத்தி. அஞ்சு லட்சம் கொடுத்து ஒத்திக்குக் குடியேறினால் வாடகை கிடையாது, காலி பண்ணும்போது அதே அஞ்சு லட்சம் முழுசாகத் திரும்ப வரும். எத்தனை வருடம் குடியிருந்தாலும் அசலில் ஒரு பைசா கழியாது. ஒற்றி என்ற பழைய சொல் இன்னும் தெருவுக்குத் தெரு போர்டில் தொங்குகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு 'கடன் தேய்மானம்' என்று மொழிபெயர்க்கிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

தேய்மானம் ஏன் ஆகாது? தேய்வது தானாக நடப்பது. செருப்பு தேய்கிறது, அம்மிக்கல் தேய்கிறது. தெற்காவணி மூல வீதி நகைக்கடையில் பழைய சங்கிலியை எடை போட்டுவிட்டு 'தேய்மானம் போக' என்று கடைக்காரர் சொல்லும்போது யாரும் அந்தச் சங்கிலியைத் தேய்க்க உட்காரவில்லை. நஷ்டம் சங்கிலிக்குச் சொந்தக்காரருக்கு. வீட்டுக்கடனில் எதுவும் தானாக நடக்காது. மாசம் பிறந்தால் பணம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் கடன் தேயாது, வளரும். குறைந்தால் லாபம் நமக்கு. செய்பவன் யார், நஷ்டம் யாருக்கு என்ற இரண்டு கேள்விக்கும் அந்தச் சொல் தலைகீழ் பதில் சொல்கிறது.

வடிவமும் தலைகீழ். தேய்மானத்தைக் குறைந்து செல் மதிப்பு முறையில் போட்டால் புது ஸ்கூட்டருக்கு முதல் வருடம்தான் அதிக அடி, போகப் போகக் குறையும். மச்சினன் காகிதத்தைப் பாருங்கள். மாதத் தவணை 22,493 ரூபாய். முதல் தவணையில் 18,750 வட்டிக்கே போய்விடுகிறது, அசலில் கழிவது 3,743 மட்டும். முதல் வருடம் முழுக்கக் கட்டுவது ஏறத்தாழ 2,70,000. அதில் அசலுக்குப் போவது 46,800 சொச்சம். 149ஆவது தவணையில்தான் அசலின் பங்கு வட்டியின் பங்கை முந்துகிறது. கடனில் பாதி குறைய 14 வருடம் ஆகிறது. ஆரம்பத்தில் எறும்பு நடை, கடைசியில் குதிரை ஓட்டம். எந்தச் செருப்பு இப்படித் தேயும்?

இதைச் சொன்னபோது மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், "நிலா தேயுதே, அது நஷ்டமா?" என்று மடக்கினார். நல்ல கேள்விதான். ஆனால் தேய்ந்த நிலா பதினைந்து நாளில் முழுசாகத் திரும்பி வரும். அப்படி ஒரு கடன் யாருக்கு வேண்டும்?

இந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு யூகம் உண்டு. காப்புரிமை, நற்பெயர் போன்ற கண்ணுக்குத் தெரியாத சொத்துகளின் மதிப்பைக் கணக்கில் வருடா வருடம் குறைத்து எழுதுவதற்கும் ஆங்கிலத்தில் இதே அமார்ட்டைசேஷன்தான். அங்கே அது தேய்மானத்தின் பங்காளி, அப்படிச் சொன்னால் குற்றமில்லை. அகராதியில் அந்தப் பொருளைப் பார்த்தவர் காகிதம் சொத்தைப் பற்றியதா கடனைப் பற்றியதா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

சரி, அப்போ என்ன சொல்வது? 'கடன் அடைப்பு அட்டவணை' என்று ஒருவர் சொன்னார். கடனை அடைக்கிறோம் என்பது உண்மை, ஆனால் அடைப்பு என்று பெயராக்கியதும் சாக்கடையும் இதயமும் ஞாபகம் வருகிறது. 'அடைவு' என்றால் இலங்கைத் தமிழர் நகை அடகு என்று நினைப்பார்கள். 'தீர்வு' வழக்கமாகப் பிரச்சினைக்கு வரும் சொல், 'தீர்வை' வரி. 'கழிவு' குப்பை வண்டிக்குப் போய்விட்டது.

கழிவு போனாலும் கழிதல் போகவில்லை. வட்டிக்கு வாங்கிய எவரும் கேட்கும் கேள்வி, "நான் கட்டுனதுல அசல்ல எவ்வளவு கழிஞ்சுச்சு?" என்பதுதான். அந்த வினையை அப்படியே எடுத்து 'கடன் கழியும் பட்டியல்' என்பேன். பெயரெச்சம் தலைப்பில் நிற்குமா என்று இலக்கணக்காரர்கள் முகம் சுளிக்கலாம். 'பேருந்து புறப்படும் நேரம்' என்று எழுதும்போது யார் சுளித்தார்கள்? எந்தத் தேதியில் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை மட்டும் சொல்லும் தாளுக்கு 'தவணைப் பட்டியல்' போதும். இரண்டும் வேறு, இரண்டுக்கும் பெயர் வேண்டும்.

தவணையை விட்டு 'கிஸ்தி'க்குப் போக வேண்டாம். அது அரபு 'கிஸ்த்', பங்கு என்று பொருள். நிலவரியைத் தவணையாகக் கட்டிய காலத்துச் சொல், அது கட்டபொம்மனோடு இருக்கட்டும். கன்னடத்தில் தவணைக்குக் 'கந்து' என்கிறார்கள். நம்ம ஊர்க் கந்துவட்டிக்கு அது உறவு என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த உறவுக்காகவே அதையும் தள்ளி வைக்கலாம்.

தனித்தமிழ் வெறியில் சொல்லவில்லை, அசல் என்பதும் அரபுதான், அதை விடச் சொல்ல மாட்டேன். புரியாத தமிழைவிடப் புரிகிற அரபு மேல். என் கோபம் புரிகிற மாதிரி வேஷம் போடும் தமிழ் மேல். அதே காகிதத்தில் 'மிதக்கும் வட்டி' என்று ஒரு வரி இருக்கிறது. வைகையில் தண்ணீர் இல்லாத மாதத்திலும் வட்டி மட்டும் மிதக்கிறது! மாறும் வட்டி என்றால் என்ன குறைந்துவிடும்? 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தவணைகளை மூன்று மாதம் தள்ளிவைக்க இடம் கொடுத்தபோது, அது ஆகஸ்ட் வரை நீண்டபோது, தள்ளிவைப்பைத் தள்ளுபடி என்று புரிந்துகொண்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். கட்டாத மாதத்துக்கு வட்டி ஏறியது பிறகுதான் தெரிந்தது. ஒரு சொல்லுக்கு விலை இவ்வளவு.

மச்சினனுக்கும் விலை உண்டு. தேய்மானம் என்று நினைத்தவரை, அதுபாட்டுக்கு நடக்கும் ஒன்று என்று காகிதத்தை மடித்து வைத்திருந்தான். கழிவது என்று தெரிந்ததும், "சீக்கிரம் கழிக்க முடியுமா மாமா?" என்று கேட்டான். 15 வருடத்துக்குப் போட்டுப் பார்த்தோம். தவணை 25,357. மாதம் 2,864 ரூபாய் கூடுதல், மொத்த வட்டியில் 8 லட்சத்து 34 ஆயிரம் மிச்சம். மாறும் வட்டியில் வாங்கும் தனிநபர் வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தாலும் அபராதம் கிடையாது. வட்டி ஏறி தவணையை மாற்றி அமைக்கும்போது, தவணையைக் கூட்டவா, காலத்தை நீட்டவா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. இதையெல்லாம் மார்ஜினில் பென்சிலால் குறித்துக்கொண்டான்.

திங்கட்கிழமை போய் 15 வருடத்துக்கே மாற்றிக்கொண்டு வந்தான். புதுக் காகிதம் 180 வரி. தலைப்பு மட்டும் அதே தேய்மானம். அதன்மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'கழியும்' என்று எழுதியிருந்தான், எழுத்துப்பிழையோடு: 'களியும்'.